பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட பத்து இலக்க எண்



ஒருவர் உங்களுக்கு ஒரு மாத வேலை தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 31 நாள்கள். முதல் நாள் சம்பளம் ஒரு காசு. இரண்டாம் நாள் இரண்டு காசு. மூன்றாம் நாள் நான்கு காசு. இப்படி ஒவ்வொரு நாளும் முந்திய நாளின் சம்பளம் இரட்டிப்பாகும். இந்த வேலையை ஏற்பீர்களா?

பலர் மறுத்துவிடுவார்கள். நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடைகளில் ஒரு காசை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஐந்து காசுக்குத் திருத்திவிடுகிறார்கள். அந்த ஒரு காசுக்காக யார் வேலைக்குப் போவது? பத்தாம் நாள் முடிவில் மொத்தமே 10 வெள்ளி 23 காசுதான் கையில் இருக்கும். ஆனால், இருபதாம் நாள் முடிவில் அது 10,485 வெள்ளி 75 காசு ஆகியிருக்கும். இருபத்தைந்தாம் நாளில் 335,544 வெள்ளியைத் தாண்டும். முப்பத்தோராம் நாள் மாலை உங்கள் கையில் இருக்கும் மொத்தத் தொகை 21,474,836 வெள்ளி 47 காசு.

காசுக் கணக்கில் சொன்னால் 2,147,483,647. இந்தப் பத்து இலக்க எண்தான் இன்றைய கதாநாயகன்.

இந்த எண்ணைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கல்வி தொடர்பான கலந்துரையாடல்கள் எதை எடுத்தாலும் பெற்றோர் பகுதியிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "இந்தக் கணக்கையெல்லாம் படித்துப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?" நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுப்பதா, விடுவதா என்று வீட்டில் முடிவெடுக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. நியாயமான கேள்வி. அதற்கு "கணிதம் முக்கியம்" என்று பொதுப்படையாகப் பதில் சொன்னால் யாருக்கும் திருப்தி வராது. ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்தது என்று பார்ப்போம்.

பங்கு போட முடியாத பணம்

சம்பளம் கிடைத்துவிட்டது. காசு மிஞ்சாமல் சமமாகப் பங்கு போடலாமா? இருவர் பிரித்தால் ஒரு காசு மிஞ்சும். மூவர் பிரித்தாலும் ஒரு காசு மிஞ்சும். ஐவர் பிரித்தால் இரண்டு காசு மிஞ்சும். பத்துப் பேர், நூறு பேர், ஒரு தாமான் மக்கள், ஒரு நகரமே வரிசையில் நின்றாலும் காசு மிஞ்சாமல் பிரிக்க இயலாது. ஒருவரே முழுவதையும் வைத்துக்கொள்ளலாம். அல்லது 2,147,483,647 பேர் ஆளுக்கு ஒரு காசு எடுத்துக்கொள்ளலாம். இடையில் வேறு வழி கிடையாது.

இப்படிப்பட்ட எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். மண்டபத்தில் 12 நாற்காலிகள் இருந்தால் மூன்று வரிசையாகவோ நான்கு வரிசையாகவோ சமமாகப் போடலாம். 13 நாற்காலிகள் இருந்தால் ஒரே நீண்ட வரிசைதான். 12 பகு எண். 13 பகா எண். எல்லா முழு எண்களும் பகா எண்களைப் பெருக்கி உருவானவையே. 60 என்பது 2 × 2 × 3 × 5. வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, எண்களுக்குப் பகா எண்கள் அப்படி. அவற்றுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் என்ற கிரேக்க அறிஞர் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே நிறுவிவிட்டார்.

ஆனால், முடிவில்லாமல் இருக்கின்றன என்று தெரிவது வேறு. ஒரு பெரிய எண்ணைக் காட்டி "இது பகா எண்தான்" என்று உறுதியாகச் சொல்வது வேறு. சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

துறவியின் பட்டியல்

நம் சம்பளக் கணக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்த நாளை எடுத்தாலும் அன்றைய சம்பளம், அதற்கு முந்தைய எல்லா நாள்களின் கூட்டுத்தொகையைவிடச் சரியாக ஒரு காசு அதிகம். அதனால், 31 நாள்களின் மொத்தம் என்பது 32-ஆம் நாள் கிடைக்கவேண்டிய சம்பளத்தில் ஒரு காசு குறைவு. வேறு விதமாகச் சொன்னால், 31 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதே நம் எண். இதை 2-இன் 31-ஆம் அடுக்கு கழித்தல் ஒன்று என்பார்கள்.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் என்பவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி. 1644-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண்ணைத் தரும் என்றார். கணினி இல்லாத காலம். அவ்வளவு பெரிய எண்களை அவர் சோதித்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் காலத்தவர்களுக்கே தெரியும். 67-உம் 257-உம் தவறு என்றும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டுவிட்டன என்றும் பின்னாளில் தெரியவந்தது. பட்டியலை முழுமையாகச் சரிபார்த்து முடிக்க 1947 வரை, அதாவது 300 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 31 பற்றி அவர் சொன்னது சரியாக இருந்தது.

அடுக்கு ஏன் பகா எண்ணாக இருக்கவேண்டும்? இதை ஒன்றுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறியீடுகளில் எழுதும். அந்த முறையில் மெர்சென் எண் என்பது வெறும் ஒன்றுகளின் வரிசை. மூன்றாம் அடுக்கு என்றால் 111. ஆறாம் அடுக்கு என்றால் 111111. ஆறு ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 111, 111 என இரண்டு கட்டுகள். ஆகவே அது 111-ஆல் வகுபடும். அடுக்கைச் சமமாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் பிரிந்துவிடும். 31-ஐ அப்படிப் பிரிக்க முடியாது. நம் எண் 31 ஒன்றுகள் கொண்ட, கட்டுகளாகப் பிரியாத வரிசை.

ஆயினும் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்தான். ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் 2,047 என்பது 23 × 89. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

பார்வை இழந்தவர் கண்ட வழி

2,147,483,647-ஐச் சோதித்துக் காட்டியவர் லியோனார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் 1707-இல் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றியவர். 1772-இல் பெர்னூலி குடும்பத்து அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் பகா எண் என்பதை அவர் தெரிவித்தார். அப்போது அவர் ஏறக்குறைய முழுமையாகப் பார்வையை இழந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு பில்லியனுக்கு மேற்பட்ட எண்ணை எப்படிச் சோதிப்பது? ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. முதல் குறுக்கு வழி எல்லாருக்கும் தெரிந்ததே. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். எனவே 46,340 வரை சோதித்தால் போதும். இரண்டு பில்லியன் வேலை நாற்பத்தாறாயிரமாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது குறுக்கு வழியில்தான் ஆய்லரின் திறமை தெரிகிறது. 31 என்ற அடுக்கு கொண்ட மெர்சென் எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும், 31-இன் இருமடங்கான 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கவேண்டும். இதை 2,047-இல் சரிபார்த்துக்கொள்ளலாம். அதன் அடுக்கு 11, இருமடங்கு 22. வகுத்த எண்கள் 23, 89. 23 என்பது 22 கூட்டல் 1. 89 என்பது 88 கூட்டல் 1. விதி பொருந்துகிறது அல்லவா? இதனுடன் 8-ஆல் வகுத்தால் வரும் மீதி பற்றிய இன்னொரு விதியையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் சுமார் 370. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கும் குறைவு. இரண்டு பில்லியனில் தொடங்கிய வேலை நூறு வகுத்தலுக்குள் முடிந்தது. எதுவும் சமமாக வகுபடவில்லை. பகா எண் என்பது உறுதியானது.

பிறகு இன்னும் எளிய வழி வந்தது. பிரான்சின் எட்வார்ட் லூக்காஸ் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, அமெரிக்காவின் டெரிக் லெமர் 1930-இல் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழியுங்கள்: 14. மீண்டும் அதையே செய்யுங்கள்: 194. மீண்டும்: 37,634. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்து, வரும் விடை மெர்சென் எண்ணால் வகுபட்டால் அது பகா எண், இல்லையேல் இல்லை. ஐந்தாம் அடுக்குக்குரிய மெர்சென் எண் 31. மூன்று தடவையில் வந்த 37,634-ஐ 31-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 1,214 வரும். நம் பத்து இலக்க எண்ணுக்கு 29 தடவைகள் போதும்.

இந்தச் சோதனையில் ஒரு விந்தை உண்டு. ஓர் எண் பகு எண் என்று அது சொல்லும்; ஆனால் எவற்றால் வகுபடும் என்று சொல்லாது. 67-ஆம் அடுக்குக்குரிய எண் பகா எண் அல்ல என்று லூக்காஸ் 1876-இலேயே காட்டிவிட்டார். அதன் காரணிகளை அமெரிக்கப் பேராசிரியர் ஃபிராங்க் கோல் 1903-இல்தான் கண்டுபிடித்தார். 193,707,721 × 761,838,257,287 என்பதே அது. பெருக்கிச் சரிபார்க்க ஒரு பக்கத் தாள் போதும். கண்டுபிடிக்க 27 ஆண்டுகள் பிடித்தன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே முக்கியமாகப்போகிறது.

"இதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள்"

நம் எண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 6 என்ற எண்ணை 1, 2, 3 ஆகியவை வகுக்கும். மூன்றையும் கூட்டினால் அதே 6 வரும். 28-ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28 வரும். இவற்றை நிறைவெண்கள் என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்து உண்மை. இரட்டைப்படை நிறைவெண்கள் வேறு வழியில் வாரா என்பதை ஆய்லர் நிறுவினார். நம் எண் தரும் நிறைவெண் 2,305,843,008,139,952,128. இது எட்டாவது நிறைவெண்.

இங்கிலாந்துக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதிய எண்ணியல் நூலில் இந்த நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, கண்டுபிடிக்கப்படப்போகும் நிறைவெண்களில் இதுவே மிகப் பெரியதாக இருக்கும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இவை ஆர்வத்துக்குரியவை மட்டுமே, பயனற்றவை. எனவே இதற்கு மேல் தேட யாரும் முன்வரமாட்டார்கள் என்பது அவர் கருத்து.

நம் பெற்றோர் கேட்கும் கேள்வியை 1811-இல் ஒரு கணித அறிஞரே கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 1940-இல்கூட, நம் கணிதமேதை இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்ற ஜி.எச்.ஹார்டி, எண்ணியலால் போருக்கு எந்தப் பயனும் விளையவில்லை என்று எழுதினார். அன்றைய நிலையில் இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது.

கணினிக்குள் நுழைந்த எண்

மின்சுவிட்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகக் கணினிகள் ஓர் எண்ணை 32 சுவிட்சுகளில் பதிவு செய்துவந்தன. ஒன்று கூட்டலா கழித்தலா என்பதைக் குறிக்க; மீதி 31 எண்ணுக்காக. 31 சுவிட்சுகளையும் போட்டால் வருவது 31 ஒன்றுகள், அதாவது 2,147,483,647. கணினியில் 32 பிட் முறையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது.

2014 டிசம்பரில் உலகம் இதைக் கண்டது. தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' காணொளியைப் பார்த்தோர் கணக்கு இந்த எண்ணைத் தாண்டிவிட்டதாக யூடியூப் அறிவித்தது. ஒரு காணொளி இத்தனை முறை பார்க்கப்படும் என்று எண்ணியதில்லை என்று கூறி, கணக்கு 64 பிட் முறைக்கு மாற்றப்பட்டது.

இன்னொரு கணக்கு இன்னும் வரவில்லை. பல கணினிகள் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஓடிய நொடிகளை வைத்தே நேரத்தை அறிகின்றன. அந்த நொடிகள் 2,147,483,647-ஐத் தொடும் நேரம், மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில், மாற்றப்படாத 32 பிட் சாதனங்கள் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். புதிய கணினிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் பல்லாண்டுகளாக ஓடும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைத்தான் கவனிக்கவேண்டும்.

இவை இரண்டிலும் அது பகா எண் என்பதற்கு வேலை இல்லை. 31 சுவிட்சுகளின் எல்லை என்பதே காரணம். பகா எண் என்ற தகுதிக்கே வேலை கிடைத்த இடம் வேறு.

தாவித் தாவி எல்லா வீட்டுக்கும் போவது

7 என்ற சிறிய பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி 3-ஆல் பெருக்குங்கள். 7-ஐத் தாண்டினால் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 2, 6, 4, 5, மீண்டும் 1. ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களும், முறை மாறி, ஒவ்வொன்றும் ஒரே முறை வந்துவிட்டன. 7-க்குப் பதில் 8-ஐ வைத்துச் செய்து பாருங்கள். 1, 3, 1, 3 என்று இரண்டே வீட்டில் மாட்டிக்கொள்ளும். எல்லா வீட்டுக்கும் போய்வரும் தன்மை பகா எண்ணிடம் உறுதியாக உண்டு. பொருத்தமான பெருக்கெண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதையே 2,147,483,647-ஐ வைத்து, 16,807-ஆல் பெருக்கிச் செய்யும் முறையை 1969-இல் ஐ.பி.எம். கணினிக்காக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் அதைக் குறைந்தபட்சத் தரமாக முன்மொழிந்தனர். இரண்டு பில்லியனுக்கு மேற்பட்ட எண்களையும் ஒருமுறை தொட்ட பிறகே அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். பார்ப்பவருக்கு எண்கள் தாறுமாறாக வருவதுபோல் தோன்றும். கணினி விளையாட்டுகளுக்கும், வரிசையில் மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் கணினியில் போலியாக ஓட்டிப் பார்க்கும் ஆய்வுகளுக்கும் இது உதவியது. ஆனால் ஓர் எண் தெரிந்தால் அடுத்ததைச் சொல்லிவிடலாம் என்பதால், கடவுச்சொல்லுக்கோ பணப் பாதுகாப்புக்கோ இது உதவாது. அதற்கு இன்னும் பெரிய பகா எண்கள் தேவைப்பட்டன.

உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பது

53 × 59 எவ்வளவு என்றால் ஒரு நிமிடத்தில் 3,127 என்பீர்கள். 3,127 எந்த இரு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் நேரமாகும். கோலின் 27 ஆண்டுக் கதையும் இதுதான். இந்த ஒருவழிப் பாதையைப் பூட்டாக மாற்றினார்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர், 1977-இல். இரு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊரறிய வெளியிடலாம். அதை வைத்து யாரும் பூட்டலாம். திறக்கமுடிவது அந்த இரு எண்களையும் அறிந்தவரால் மட்டுமே. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பல கணினிகளைச் சேர்த்து உடைத்தார்கள். நடைமுறையில் பயன்படும் எண்களோ 617 இலக்கங்கள் கொண்டவை.

சற்றுமுன் 7-ஐ வைத்துத் தாவினோமே, அதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. 3-ஆல் எத்தனை முறை பெருக்கினால் 5 வரும்? ஐந்து முறை. 7 சிறிய எண் என்பதால் விரல்விட்டு எண்ணிவிட்டோம். எண் பெரிதானால் முன்னோக்கித் தாவுவது எளிது. எத்தனை தாவல் என்று பின்னோக்கிச் சொல்வது இயலாத காரியம். இதே கருத்தை வளைகோட்டுப் புள்ளிகளில் பயன்படுத்தும் முறை ஒன்றை டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பவர் 2005-இல் உருவாக்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பகா எண், 2-இன் 255-ஆம் அடுக்கு கழித்தல் 19. மொத்தம் 77 இலக்கங்கள். வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் முறையில் இந்த எண்தான் இருக்கிறது. குடும்பக் குழுவில் நீங்கள் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தும் இதன் துணையோடுதான் போகிறது.

இது மெர்சென் எண் அன்று. ஆனால் நெருங்கிய உறவு. ஏன் இரண்டின் அடுக்குக்கு அருகில் உள்ள எண்ணைத் தேடினார்கள்? 123,456-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். 123-ஐயும் 456-ஐயும் கூட்டுங்கள்: 579. அதுதான் மீதி. 999 என்பது ஆயிரத்துக்கு ஒன்று குறைவு என்பதால் இந்த வசதி. கணினிக்கு இரண்டின் அடுக்குகள்தாம் நமக்கு ஆயிரம்போல. அவற்றுக்கு அருகில் இருக்கும் பகா எண்ணால் வகுப்பது அதற்குக் கூட்டல் அளவுக்கு எளிது. சிறிய தொலைபேசியும் வேகமாகக் கணக்கிட்டுவிடும்.

தேடல் நிற்கவில்லை

இதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள் என்றாரே பார்லோ, அது நடக்கவில்லை. 1876-இல் லூக்காஸ் 39 இலக்க எண்ணைக் கண்டார். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய இணையக் கூட்டுமுயற்சியில் சாதாரண மக்களும் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைத் தந்து தேடலாம். அதில் சேர்ந்த லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் 2024 அக்டோபரில் கண்டுபிடித்தது, 2-இன் 136,279,841-ஆம் அடுக்கு கழித்தல் ஒன்று. 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 4,000 இலக்கம் அச்சிட்டாலும் பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் ஆகும்.

இவ்வளவு பெரிய எண்ணால் வங்கிப் பூட்டு இன்னும் வலுவாகுமா என்று கேட்கலாம். ஆகாது. இரகசியத்துக்கு உதவவேண்டிய எண் உலகத்துக்கே தெரிந்திருந்தால் எப்படிப் பூட்டாகும்? அதன் அளவும் நடைமுறைக்கு ஒத்துவராது. இந்த எண்ணுக்கு இப்போதைக்குப் பயன் இல்லை என்பதே உண்மை. 1772-இல் ஆய்லரின் எண்ணுக்கும் பயன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கணிதப் பூட்டு வலுவானது. நம் ஊரில் மோசடிக்காரர்கள் அந்தப் பூட்டை உடைப்பதில்லை. தொலைபேசியில் அழைத்து, போலீஸ் என்றும் வங்கி என்றும் மிரட்டி, சாவியை நம் வாயாலேயே வாங்கிக்கொள்கிறார்கள். 617 இலக்க எண்ணைக் காக்கும் கணிதம், நாமே சொல்லிவிட்ட கடவுச்சொல்லைக் காக்காது. மலேசியாவில் பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். அந்த மூன்று இலக்க எண்ணும் ஒரு பகா எண் என்பதால் மறக்காமல் இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"இதைப் படித்து என்ன பயன்?" என்ற கேள்விக்கு வருவோம். இன்று பயன் தெரியவில்லை என்பதும், பயனே இல்லை என்பதும் வேறு வேறு. பார்லோ முதலாவதைப் பார்த்து இரண்டாவதைச் சொல்லிவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் கூடுதல் கணிதம் எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆர்வம் உள்ள பிள்ளையைப் பயன் கேட்டுத் தடுக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஆய்லர் 46,000 வேலையை நூற்றுக்குள் குறைத்தாரே, அந்தச் சிந்தனைப் பழக்கம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உடன் வரும்.

இன்றிரவு உணவுக்குப் பிறகு பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 8,191. அதன் வர்க்கமூலம் 90-க்குச் சற்று மேல். 13-இன் இருமடங்கு 26. ஆய்லரின் விதிப்படி 26-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 27, 53, 79. இவற்றில் 27 பகா எண் அல்ல, தள்ளிவிடலாம். மிஞ்சுவது இரண்டே வகுத்தல்கள். மீதி வருகிறதா, இல்லையா என்று அவர்களே செய்து பார்க்கட்டும்.